கடற்பாசித் தாளும் மூன்று அலசலும்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே கிழிப்பதற்காகத்தான். பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்தில் பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பையை உருவி, இழுத்து, குத்தி, தண்ணீரில் முக்கி, அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, எப்போது கிழிகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். பதினெட்டு வருஷமாக இதையே செய்பவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் எந்த இடத்தில் கிழியும் என்றுதான் தோன்றும். இதைப்பற்றி என் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.

எங்கள் முதலாளி சீனர். ஜப்பானில் எங்களிடம் பை வாங்குபவர்கள், மண்ணில் போட்டால் மக்கிப்போகும் பை கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மெட்ராஸில் ஒரு கல்லூரி ஆசிரியை கடற்பாசியைக் காய்ச்சித் தாள் செய்கிறார் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "செய்து மூன்று நாள் ஆன தாள், நனைந்த பிறகும் ஐந்து கிலோ தாங்க வேண்டும். தாங்கினால் பேசலாம். இல்லாவிட்டால் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வா" என்று மலாயில் சொல்லி என்னை அனுப்பினார். நான் பிறந்தது, என் அப்பா பிறந்தது எல்லாம் மலாயாவில். தமிழ்நாட்டு மண்ணை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

திங்கள்கிழமை தி. நகரில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். கடைப் பலகைகளில் பாதி மெட்ராஸ் என்றும் பாதி சென்னை என்றும் இருந்தன. சாயங்காலம் கடைத்தெருவுக்குள் நுழைந்தது என் தப்பு. இத்தனை பைகளை ஒரே தெருவில் என் ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு கைக்குட்டை வாங்கினாலும் ஒரு பை. பட்டுப்புடவை வாங்கினால் பைக்குள் பை. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போக, பழக்கதோஷத்தில் முன்னால் போன ஒரு அம்மாளின் பையை விரலால் நிமிண்டித் தடிமன் பார்த்துவிட்டேன். அவர் கணவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பை வேணும்னா கடைல கேளுங்க சார், சும்மாவே குடுப்பாக" என்றார். தென்பக்கத்துப் பேச்சு. அடி விழாததே பெரிது.

செவ்வாய்க்கிழமை அடையாறுக்கு ஆட்டோ. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமி நின்றது. ஓட்டுநர் அலட்டிக்கொள்ளவில்லை. "எறங்கு சார், ஒரு கை புடி" என்றார். இரண்டு பேருமாக ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தோம். தொட்டியின் மூலையில் கிடந்த கடைசிச் சொட்டு பெட்ரோல் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டி கிளம்பியது. எங்கள் ஊரில் வண்டி நின்றால் டாக்சிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பயணி வேறு வண்டி தேடுவார். இங்கே பயணியும் எஞ்சினில் ஒரு பாகம்.

அந்த ஆசிரியையின் பெயர் வசுமதி. ஐம்பது வயதிருக்கும். கல்லூரி மாடியில் அவருக்கு ஒரு சின்ன அறை. தெற்கே மண்டபம் ஊர்ப் பக்கத்துக் கடலிலிருந்து பெண்கள் முங்கி எடுத்துக் காயவைத்து அனுப்பும் கடற்பாசி, சாக்குச் சாக்காக வாசல் வரை அடுக்கியிருந்தது. அறை முழுக்கக் கருவாட்டுக் கடையின் மணம்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் மேஜை மேலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "கிழிக்கறதுக்குத்தானே வந்திருக்கேள்? கிழியுங்கோ."

கண்ணாடி போலத் தெளிவான தாள். பிடித்து இழுத்தேன். அப்பளம் மாதிரி உடைந்தது. ஏமாற்றமாக இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. நோட்டை எடுத்தேன்.

"எழுதாதீங்கோ. இது சும்மாக் காயவச்சது. இழுத்துக் காயவச்சதை நாளைக்கு மயிலாப்பூர்ல பாருங்கோ" என்றார். பிறகு, மறைக்காமல் ஒன்று சொன்னார். "அடுத்த செவ்வாய்க்கிழமை மாசக் கடைசி. அன்னிக்கு இந்த ரூம் சாவியை நான் ஆபீஸ்ல குடுத்துடணும். கேள்வித்தாள் கட்டெல்லாம் வைக்க இடமில்லையாம். உங்க கம்பெனி சரின்னு ஒரு வார்த்தை சொன்னா ரூம் எங்கிட்ட இருக்கும். இல்லேன்னா ஆறு வருஷமும் இந்த சாக்கோட போயிடும். உங்களைப் பயமுறுத்தச் சொல்லலை. தெரிஞ்சுண்டு கிழியுங்கோன்னு சொல்றேன்."

பதினெட்டு வருஷத்தில் நான் கிழித்த எந்தப் பையும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. 

புதன்கிழமை காலையில் மயிலாப்பூரில் பசியாறினேன். ரவா தோசை, கீரை வடை, அதற்குமேல் பித்தளை டபராவில் காப்பி. பினாங்கில் ரொட்டி சானாய்க்கும் கோப்பிக்கும் பழகிய நாக்கு இது. அந்தக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, இத்தனை வருஷம் நாங்கள் எதைக் குடித்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தேன். இரண்டாவது டபரா கேட்டேன்.

வசுமதி என்னை அழைத்துக்கொண்டு போனது இன்னொரு லேபுக்கு என்று நினைத்தேன். போன இடம் புடவைக்குப் பாலிஷ் போடும் கடை. கோயில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் நீளமான கொட்டகை. இரண்டு கோடியிலும் கனமான மர உருளைகள். பழைய பட்டுப்புடவையைக் கஞ்சி தெளித்து இரண்டு உருளைக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டி, அடியில் கரித்தணல் தட்டைத் தள்ளிக்கொண்டே போய்க் காயவைப்பார்கள். கசங்கி வந்த புடவை புதுசாகிப் போகும். கடைக்காரர் ஏழுமலை, தலையில் துண்டும் கையில் தண்ணீர்ச் சொம்புமாக நின்றார்.

கடற்பாசித் தாளை ஈரத்திலேயே இழுத்துப் பிடித்துக் காயவைத்தால், உள்ளே தாறுமாறாகக் கிடக்கும் இழைகள் வரிசையில் படுத்துப் பலமாகிவிடும். அதற்கென்று வெளிநாட்டில் பெரிய இயந்திரங்கள் உண்டு. வசுமதிக்கு அது கிடைக்கவில்லை. ஒருநாள் கல்யாணப் புடவையைப் பாலிஷுக்குக் கொடுக்க வந்தவர், இந்த உருளைகளைப் பார்த்துவிட்டு, புடவையை அப்படியே மறந்து நின்றிருக்கிறார்.

ஏழுமலை காட்டிக்கொண்டே பேசினார். "மொதல்ல இந்தக் கூழ டீச்சரம்மா பலகைல பரப்பிக் குடுத்துடும் சார். அத்த அப்டியே சுண்ணாம்புத் தெளிவுல முக்கணும். ஒறைஞ்சி தோலு மாரி ஆயிடும். அப்பால மூணு தபா அலசணும். அப்பால இஸ்துக் கட்டணும். பட்டுப் பொடவைன்னா கோவத்த காட்டலாம். இது கிட்ட காட்னா பூடும்."

முந்தின நாள் கட்டிய தாள் காய்ந்து தயாராக இருந்தது. வெற்றிலை அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். இழுத்தேன். இன்னும் இழுத்தேன். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். ஏழுமலை புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். தண்ணீரில் முக்கி இழுத்தேன். என் விரல்தான் சிவந்தது. கடலில் அலைந்துகொண்டிருந்த கொழகொழப்பு ஒன்று என் பதினெட்டு வருஷத்தைப் பார்த்துச் சிரித்தது போல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அவசரப்படாதீங்கோ" என்று வசுமதி ஒரு பழைய பெட்டியைத் திறந்தார். போன வாரத்துத் தாள்கள். எடுக்கும்போதே ஓரம் நொறுங்கியது. "மொத நாள் இரும்பு. மூணாம் நாள் இப்படி. ஆறு மாசமா மண்டையை உடைச்சுண்டிருக்கேன். முன்னாடி காலேஜ்லயே கையால இழுத்துக் கட்டி ஒரு துண்டு பண்ணினேன், அது மட்டும் வருஷமாகியும் அப்படியே இருக்கு. இங்க பண்ணினா போயிடறது. காத்தா, வெயிலா, கரி அனலா, ஒண்ணும் பிடிபடலை."

தன் குறையைத் தானே எடுத்துக் காட்டும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. நோட்டில் இரண்டையும் எழுதினேன். 

வியாழக்கிழமை முழுவதும் அந்தக் கொட்டகையிலேயே இருந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லையா என்று லாட்ஜில் கேட்டார்கள். புதுத் தாள் ஒன்று உருளையில் ஏறியது. மத்தியானம் பக்கத்து மெஸ்ஸிலிருந்து பொட்டலம் வந்தது. வாழை இலை, அதற்கு மேல் செய்தித்தாள், ஒரே ஒரு நூல். எவ்வளவு ஆட்டினாலும் ஒரு பருக்கை வெளியே வராத அந்தக் கட்டைத் தொழில் மரியாதையோடு அவிழ்த்தேன். சாம்பார் மட்டும் பாலிதீன் பையில் வந்தது. குடித்து முடித்து அதை வீசியதும் ஒரு மாடு வந்து அதை வாயில் கவ்விக்கொண்டு போனது. ஏழுமலையின் மனைவி மல்லிகா ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பிடுங்கினாள். "வவுத்துல போயி அடைச்சிக்கும் சார். போன வருசம் எதிர் வூட்டு மாடு அப்டித்தான் செத்துச்சி" என்றாள். நான் செய்யும் பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். எங்கள் ஊரில் குப்பை லாரி அள்ளிக்கொண்டு போய்விடும், அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை. நான் ஊருக்கு எடுத்துப்போக வேண்டிய தாள் உருளையிலிருந்து இறங்கியது. கறை படாமல் கொண்டுபோக வேண்டும் என்று வசுமதி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மடித்தார். அதற்குள் மல்லிகா உள்ளேயிருந்து வந்து, குழைத்த மஞ்சளை விரலில் எடுத்துத் தாளின் மூலையில் வைத்துவிட்டாள்.

"மல்லிகா, என்ன காரியம் பண்ணினே? அது சாம்பிள்" என்று வசுமதி பதறினார்.

"புதுசு ஊருக்குப் போவுது. வெள்ளிக்கியம வேற. மஞ்ச வெக்காம எப்டிம்மா அனுப்புறது?"

நான் மல்லிகா கட்சி. தீபாவளிச் சட்டைக்குப் பட்டர்வொர்த்தில் என் அம்மாவும் இதையேதான் செய்வாள். பரவாயில்லை, நான் முதலாளியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று சமாதானம் செய்ய வாயெடுத்தேன். வசுமதி கேட்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பொட்டு ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முழுக்க ஆரத்தித் தட்டின் நிறம்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். 

வசுமதி மஞ்சளை வாங்கிப் போன வாரத்துத் தாள்களில் ஒவ்வொன்றிலும் வைத்தார். எல்லாம் சிவந்தன. கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தார். கல்லூரியில் செய்த அந்த நல்ல துண்டு. அதில் வைத்த மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"ஏழுமலை, எத்தனை தடவை அலசறே?"

"மூணு தபாம்மா. நீ சொன்னதுதான். ஒருநா தப்புனது கெடையாது."

"எந்தத் தண்ணில?"

ஏழுமலைக்குக் கேள்வியே புரியவில்லை. "தொட்டில கீற தண்ணிலதான். மூணு தபாவும்."

"அதே தண்ணிலயா? அடுத்த தாளுக்கும்?"

"பின்ன? தண்ணி லாரி வந்து ரெண்டு நாளாவுது. அலசுன தண்ணிய யார்னா கீய கொட்டுவாங்களா?"

வசுமதி அப்படியே உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "எங்காத்துல அரிசி களைஞ்ச தண்ணில பாத்திரம் அலம்பி, அதைத் துளசிக்கு விடறேன். காலேஜ்ல அந்தச் சின்னத் துண்டை ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு டம்ளர் தண்ணில அலசினேன். மூணு அலசல்னு நோட்ல எழுதிண்டேன். ஒவ்வொண்ணுக்கும் புதுத் தண்ணின்னு எழுதணும்னு எனக்கே தோணலை. மெட்ராஸ்ல யாருக்குத் தோணும்?"

தாளில் தங்கிய சுண்ணாம்பின் காரம், அந்த நீள இழைகளை உள்ளேயே இருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கியிருக்கிறது. தொட்டித் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீர்தான். அதில் முப்பது தடவை அலசினாலும் ஒன்றுதான். எங்கள் தொழிற்சாலையில் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. நாங்கள் புத்திசாலிகள் என்பதால் இல்லை. அங்கே தினம் மழை, குழாயைத் திறந்து விட்டுவிட்டு நாங்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவோம். ஒரு சொட்டைக்கூட வீணாக்காதவர்களின் தப்பு இது. அதைத் தப்பு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. தண்ணீர்? ஒரு தாளுக்கு மூன்று அலசல், ஒரு அலசலுக்கு மூன்று குடம். ஒன்பது குடம் நல்ல தண்ணீர் அந்தச் சந்தில் அன்று எந்த வீட்டிலும் இல்லை. மல்லிகா வீட்டில் இருந்தது நாலு குடம், அதுவும் குடிக்க. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம்.

"கடல்ல வளந்ததுதானேம்மா" என்றாள் மல்லிகா. "கடல் தண்ணி மட்டும் இன்னா, லாரிலயா வருது? அதுல அலசக் கூடாதா?"

வசுமதி விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். கடல் தண்ணீர் சுண்ணாம்பின் காரத்தைக் கொன்றுவிடும். பிறகு உப்பை எடுக்க ஒரே ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும். "அந்த ஒரு குடம்?" என்று கேட்டார். "எங்கூட்டுது எடுத்துக்க" என்றாள் மல்லிகா.

சனிக்கிழமை விடியும்போது சுண்ணாம்புத் தெளிவில் ஊறிய புதுத் தாள் ஒரு பெரிய அண்டாவில் கிடந்தது. அதை மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். மூன்று சக்கரம், மோட்டார் சைக்கிள் எஞ்சின், பிரேக் இருப்பதாக ஓட்டுநர் சொன்னார். அண்டாவை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் ஏழுமலையும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வசுமதி புடவையைச் செருகிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். பாலத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனபோது நான் என் பிள்ளைகளின் பெயரை எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மல்லிகாவின் அண்ணன் படகோடு காத்திருந்தார். கரைத் தண்ணீரில் மணலும் குப்பையும், உள்ளே போக வேண்டும் என்றார். அலையைத் தாண்டும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. தாண்டியதும் குடித்திருந்த காப்பியைக் கடலுக்குக் கொடுத்தேன். தாளின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி, ஒரு மூங்கிலை ஏழுமலையும் மறு மூங்கிலை அண்ணனும் பிடித்துக்கொண்டு, படகோரமாகத் தண்ணீரில் இறக்கினார்கள்.

ஒரு பெரிய அலை வந்து படகைத் தூக்கியது. அண்ணனின் கையிலிருந்து மூங்கில் நழுவியது. தாள் கடலில் நீளமாக விரிந்தது, அதன் நுனியில் மூங்கில், அதைக் கடல் ஒரு பக்கம் இழுக்கிறது, இந்தப் பக்கம் ஏழுமலை ஒற்றை ஆளாகக் குப்புற விழுந்து பிடித்திருக்கிறார். நடுவில் இருப்பது விரல் நகத்தைவிட மெல்லிசான ஒரு தோல். இப்போது கிழியும் என்று என் பதினெட்டு வருஷமும் சொன்னது. எந்த இடத்தில் என்றுகூடச் சொன்னது. வெயில் அப்போதுதான் மேலே வந்து தாளுக்குள் புகுந்ததும், தாள் இருப்பதே தெரியாமல் தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று. விறைத்து, அதிர்ந்து, கிழியாமல் நின்றது. அடுத்த அலையில் அண்ணன் மூங்கிலைப் பிடித்துவிட்டார். வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. கிழிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், அது கிழியக் கூடாது என்று கடலில் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர் திரும்பி, மல்லிகாவின் ஒரு குடத்தில் கடைசி அலசல். ஊற்றும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தாள். உருளையில் ஏற்றி, தணல் தள்ளி, சாயங்காலம் இறக்கினோம். மூலையில் அவளே மஞ்சள் வைத்தாள். அரை மணி நேரம் நாலு பேரும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சளாகவே இருந்தது. ஆனால் மூன்று நாள் ஆக வேண்டுமே. அப்போது நான் மெட்ராஸில் இருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டர்வொர்த்தில், முதலாளி எதிரில் தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். ஐந்து கிலோ. ஏழு. பத்து. பன்னிரண்டில் கொக்கி வளைந்தது. முதலாளி எழுந்து வந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். மூலையிலிருந்த மஞ்சளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "போலே" என்றார். மலாயில் அதற்கு முடியும் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அது சுலபத்தில் வருகிற வார்த்தை இல்லை.

அவர் மேஜைத் தொலைபேசியிலிருந்தே கல்லூரிக்குப் பேசினேன். ஆபீஸில் ஒருவர் எடுத்து, "மேடம் இங்கதான் இருக்காங்க" என்று கொடுத்தார்.

"பன்னிரண்டு கிலோ" என்றேன். "நனைத்துத்தான். கொக்கிதான் வளைந்தது. முதலாளி சரி என்றுவிட்டார்."

மறுமுனையில் அவர் குரல் கேட்டது.   என்னிடம் இல்லை, தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வேறு யாரிடமோ பேசினார்.

"சார், காத்தால ஒரு சாவி குடுத்தேனே, மாடி ரூம் சாவி. அதைத் திருப்பிக் குடுங்கோ."